கடிக்க முடியாத காலர்

எங்கள் கடையில் பள்ளிக்கூடங்களுக்குப் பெயர் கிடையாது. துணிதான் பெயர். சாம்பல், பச்சைக்கட்டம், கருநீலம் என்று மூன்று தனியார் பள்ளிகளுக்கு நாங்கள் சீருடை தைக்கிறோம். "சாம்பலுக்குக் காஜா எடுத்தாச்சா?", "கருநீலம் இடுப்பு பிடிக்குதாம், பிரிச்சு விடணும்" என்றுதான் எங்கள் பேச்சு போகும். பள்ளி வாசலில் பளிங்கில் பெயர் பொறித்து வைத்திருக்கிறார்கள், பாவம். எங்களுக்கு அது அலமாரியில் ஒரு தட்டு, அதில் ஒரு சுருள் துணி, அவ்வளவுதான்.

துணி வெட்டுவது என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்பேன். கத்தரி கையில் இருக்கும்போது மட்டும் தைரியசாலி. அளவெடுப்பது, தைப்பது, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுவது எல்லாம் தங்கை. மூலையில் உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்து, பொத்தான் வைத்து, பழுதுக்கு வருவதைப் பிரித்துத் தைப்பது நான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். கடைக்கு மேலேயே வீடு. அதில் நாங்கள் மூவரும், ஒரு வாயாடியும்.

அந்த வாயாடி தங்கையின் ஒரே மகள். பாபின் என்று கூப்பிட ஆரம்பித்தது நான்தான். மெஷினுக்குள் நூல் சுற்றிவைக்கும் பாபின் மாதிரி குட்டையாக, உருண்டையாக, ஒரு நிமிடம் சும்மா இராமல் சுற்றிக்கொண்டிருந்தால் தையல்காரர் வீட்டில் வேறு என்ன பெயர் வரும்? பள்ளி விட்டு வந்ததும் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து குண்டூசி பொறுக்குவாள். பொறுக்கும் நேரம் முழுக்க அன்று வகுப்பில் நடந்ததைச் சொல்வாள். நடக்காததையும் சேர்த்துச் சொல்வாள். மெஷின் சத்தத்துக்கு மேல் அவள் சத்தம் கேட்கும்.

பழுதுக்கு வரும் துணி நிறையப் பேசும். பச்சைக்கட்டம் வந்தால் முட்டி கிழிந்திருக்கும், பாக்கெட் தொங்கும், பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் நூல் மட்டும் இருக்கும். கருநீலம் வந்தால் அக்காவுக்குத் தைத்தது தங்கைக்கு வந்திருக்கும். ஏற்கெனவே இறக்கிவிட்ட ஓரத்தை மறுபடி இறக்கச் சொல்வார்கள். சாம்பல் மட்டும் மடிப்புக் கலையாமல் வரும். ஒரு கறை இருக்காது, ஒரு கிழிசல் இருக்காது. காலரின் இரண்டு முனைகள் மட்டும் நைந்து, நூல் நூலாகப் பிரிந்து, பல்தடத்தோடு வரும்.

எங்களுக்கு எல்லாமே துணியின் குற்றம். காலர் உயரம் அதிகம், வாய்க்கு எட்டுகிறது, அதனால் கடிக்கிறார்கள் என்று மாப்பிள்ளை கண்டுபிடித்தார். உயரத்தைக் குறைத்தார், கடித்தார்கள். முனையை மழுக்கினார், கடித்தார்கள். கடைசியில் காலருக்குள் வைக்கும் கேன்வாஸை மாற்றினார். எங்கிருந்தோ முரட்டு ரகம் ஒன்று வாங்கி, இரண்டடுக்காக வைத்து, பசை போட்டு, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி, முனையில் இரட்டைத் தையல் ஓட்டினார். மேசையில் தட்டினால் டொக் என்று சத்தம் வரும். அதற்குப் பிறகு சாம்பல் காலர் பழுதுக்கு வருவது அடியோடு நின்றது. தலைமையாசிரியை ஃபோனில் பாராட்டினார். மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. வந்தவர் போனவரிடமெல்லாம் காலரைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். நானும் கெட்டிக்கார வேலைதான் என்றேன். கெட்டியாகத்தான் இருந்தது.

பாபின் படித்த சின்னப் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. ஆறாம் வகுப்புக்கு வேறு இடம் பார்க்கவேண்டும். மற்ற வீடுகளில் இதற்கு ஊரெல்லாம் விசாரிப்பார்கள். நாங்கள் அலமாரியைப் பார்த்தோம்.

கருநீலம் வெகு தூரம் என்று முதல் நாளே கழிந்துவிட்டது. மிச்சம் இரண்டு. தங்கையின் மனது எதில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். வருடா வருடம் சாம்பல் பிள்ளைகளின் முன்னால் மண்டிபோட்டு, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு பாவாடை ஓரம் மடித்தவள் அவள். அந்த அம்மாக்கள் அவள் தலைக்கு மேலே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு ஆசை வந்ததில் தப்பே இல்லை. தன் மகளையும் அந்த வரிசையில் நிறுத்தி, தானும் ஒரு நாள் நின்றுகொண்டு பேசவேண்டும் என்று நினைத்தாள். அதை அவள் சொல்லவில்லை. ஒழுக்கம், படிப்பு, எதிர்காலம் என்று வேறு மூன்றைச் சொன்னாள்.

பேருக்கு இரண்டு பள்ளியையும் போய்ப் பார்த்தோம். நான் எதற்கு என்றேன். நீ ஒருத்திதான் முகத்துக்கு நேராகச் சொல்லுவே என்றாள் தங்கை. சொன்னால் கேட்கப்போவது யார் என்பதை அவள் சொல்லவில்லை.

பச்சைக்கட்டத்தில் எங்களை வரவேற்க ஒருவரும் இல்லை. அலுவலக அறை எது என்று கேட்டால் நான்கு பிள்ளைகள் நான்கு பக்கம் கைகாட்டின. தலைமையாசிரியரின் சட்டை முதுகில் சுண்ணாம்புத் தூள் அப்பியிருந்தது. எந்தச் சுவரில் சாய்ந்தாரோ. அவர் பேசும்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்து, பந்து கூரைமேல் போய்விட்டது என்று புகார் சொன்னாள். அவர் எங்களிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்கப் போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் பாபினைக் காணவில்லை. மைதானத்தில் இருந்தாள். இன்னும் சேரவே இல்லை, அதற்குள் முட்டியில் சிராய்ப்பு. "இங்க சேர்த்தா வருஷத்துக்கு எத்தனை செட் தைக்கிறது?" என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்.

சாம்பலில் வாசலிலேயே ஒருவர் கைகூப்பி நின்றார். தரையில் முகம் பார்க்கலாம். அத்தனை வகுப்புகளைத் தாண்டிப் போனோம், ஒரு குரல் வெளியே வரவில்லை. விடுமுறையோ என்று எட்டிப் பார்த்தேன். உள்ளே எல்லாரும் இருந்தார்கள். நாங்கள் தைத்த காலர்கள் வரிசை வரிசையாக விறைத்து நின்றன. மாப்பிள்ளைக்கு அதைப் பார்த்ததும் கால் தரையில் படவில்லை.

தலைமையாசிரியை நல்ல மாதிரிதான். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். நாற்காலி போடச் சொன்னார். பாபினிடம் சில கேள்விகள் கேட்டார், அவள் டக் டக்கென்று பதில் சொன்னாள். பிறகு தங்கையைப் பார்த்து, "எங்க பிள்ளைங்களுக்கெல்லாம் தைக்கிறவங்க நீங்க. உங்க பிள்ளைக்கு இடம் இல்லன்னு சொல்வேனா?" என்றார். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. கட்டணத்தில் கொஞ்சம் பார்த்துச் செய்வதாகவும் சொன்னார். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

இருந்தாலும் வீட்டுக்கு வந்ததும் ஒரு மரியாதைக்குப் பாபினையும் கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை.

"பச்சைக்கட்டம்தான் வேணும். அதுல பாக்கெட் இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். சாம்பல் பாவாடையில் பாக்கெட் கிடையாது. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்பது ஒழுங்கீனம் என்று பள்ளியே வேண்டாம் என்றுவிட்டது. மாப்பிள்ளை மகளைத் தூக்கிக் கட்டிங் மேசையில் உட்காரவைத்தார்.

"உனக்கு மட்டும் உள்பக்கமா ஒரு பாக்கெட் வெச்சுத் தரேன். வெளிய இருந்து பார்த்தா பிரம்மனுக்கே தெரியாது. சரியா?"

ரகசியம் என்றதும் அவள் தலையாட்டிவிட்டாள். பத்து வயதுப் பிள்ளையை வேறு எப்படித்தான் விலைக்கு வாங்குவது?

அவளுடைய சீருடையை மாப்பிள்ளை யாரையும் தொடவிடவில்லை. அவரே வெட்டி, அவரே தைத்தார். என் அனுபவத்தில் அப்படி ஒரு சாம்பல் சட்டை அந்த மேசையில் இருந்து இறங்கியதில்லை. காலர் பலகை மாதிரி நின்றது. முதல் நாள் காலை தங்கை அவளைக் கடை வாசலில் நிறுத்தி, முன்னும் பின்னும் பார்த்து, திருஷ்டி பட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டே தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

முதல் சில வாரம் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. பாபின் நேரத்துக்கு எழுந்தாள், தானே தலை வாரிக்கொண்டாள், வந்ததும் பாடம் எழுத உட்கார்ந்தாள். குண்டூசிகள் தரையிலேயே கிடந்தன. நானே குனிந்து பொறுக்கினேன், முதுகு பிடித்துக்கொண்டது. வகுப்பில் இன்று என்னடி நடந்தது என்று வாயைப் பிடுங்கினால், ஒன்றும் நடக்கவில்லை என்பாள். நடக்காததைக்கூடச் சொல்லவில்லை. தங்கை இதற்குப் பொறுப்பு என்று பெயர் வைத்தாள். "பார்த்தியாக்கா, எப்படி மாறிட்டா!" என்றாள். மாறித்தான் இருந்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் பெற்றவர்கள் பூரித்துக்கொண்டிருக்கும்போது பெரியம்மா மூக்கை நுழைத்தால், பிள்ளை இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்று ஒரு நினைப்பாவது வரும். நாக்கைக் கடித்துக்கொண்டு காஜா எடுத்தேன்.

ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது. மேசைக்கடியில் துண்டுத்துணிக் கூடை ஒன்று உண்டு. உள் துணியில் வெட்டி மிஞ்சும் வெள்ளைப் பருத்தியை நான் அதில்தான் போடுவேன். மெஷின் துடைக்க, எண்ணெய் ஒற்ற ஆகும். அந்த வெள்ளைத் துண்டுகள் குறைந்துகொண்டே வந்தன. எலி என்று நினைத்து ஒரு பொறி வாங்கி வைத்தேன். எலி வரவில்லை. துணி மட்டும் போயிற்று.

ஒரு நாள் மாலை பாபின் பள்ளியிலிருந்து வந்து, பாவாடை ஓரம் பிரிந்துவிட்டது என்று கழற்றி என் மடியில் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள். ஓரத்தைத் திருப்பும்போது இடுப்புப் பட்டிக்குக் கீழே ஏதோ புடைப்பாகக் கையில் தட்டியது. மாப்பிள்ளை வைத்த ரகசியப் பாக்கெட். உள்ளே விரலை விட்டேன். ஈரமாக இருந்தது.

வெளியே எடுத்துப் பார்த்தால் என் கூடையின் வெள்ளைத் துண்டுகள். சிலவற்றை நீளவாக்கில் கத்தரித்து, சுருட்டி, சின்னச் சின்னதாக அழகாக வைத்திருந்தாள், கெட்டிக்காரி. அவை காய்ந்து சுத்தமாக இருந்தன. ஒன்று மட்டும் மென்று மென்று கூழாகி, ஓரம் பிய்ந்து, முழுக்கப் பல்தடமாக இருந்தது. அந்தத் தடம் எனக்குப் புதிதில்லை. எத்தனையோ காலரில் பார்த்தாயிற்று.

மாடிக்குப் போனேன். பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அவற்றை வைத்து, இது எதற்கு என்று கேட்டேன். மாட்டிக்கொண்டோம் என்று முகம் ஒரு கணம் சுண்டியது. பிறகு, கேட்டது பெரியம்மாதானே என்று தேறிக்கொண்டாள்.

"கடிக்கிறதுக்கு."

"ஏன், காலர் இல்லையா?" என்று கேட்டேன். கிண்டலாகத்தான் கேட்டேன்.

"காலரைக் கடிக்க முடியல பெரியம்மா. பல்லு வலிக்குது. அப்பா தைச்சதாச்சே."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். இத்தனையுமா நீ ஒருத்தி கடிக்கிறாய் என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுதான். மத்ததெல்லாம் மத்தவங்களுக்கு. கேக்கறவங்களுக்குக் குடுப்பேன். திங்கட்கிழமைன்னா நிறைய வேணும்."

திங்கட்கிழமை என்ன என்று கேட்டதற்கு, எழுதுவதை நிறுத்தாமலே சொன்னாள். வாரா வாரம் பரீட்சை. திங்கட்கிழமை காலையில் மார்க்கைப் படிப்பார்கள். எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் நிற்கவேண்டும். பெயர் கூப்பிடக் கூப்பிட முன்வரிசையிலிருந்து போய் உட்காரவேண்டும். கடைசிவரை யார் நிற்கிறார்களோ அவர்கள் அந்த வாரம் கடைசி பெஞ்சு. பேசக்கூடாது, அழக்கூடாது. அதனால் நிற்கும்போது எல்லாரும் வாயில் எதையாவது வைத்துக்கொள்கிறார்கள். முன்னே நகத்தைக் கடித்தார்களாம், ரத்தம் வந்தது. துணி பரவாயில்லை என்றாள்.

நீ கடைசி பெஞ்சுக்குப் போயிருக்கிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். எனக்குத் தைரியம் இல்லை. துண்டுகளை அள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். கோபமாக வந்தது. யார்மேல் கோபம் என்று அப்போது பிரித்துப் பார்க்க நேரமில்லை.

மாப்பிள்ளை சாம்பல் காலர்தான் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் மேசையில், வெட்டி அடுக்கிய காலர்களுக்குப் பக்கத்தில், துண்டுகளை வைத்தேன். பாபின் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அப்படியே சொன்னேன். தங்கை மெஷினை நிறுத்தினாள்.

பிறகு தங்கைதான் ஆரம்பித்தாள். புது இடம், எல்லாப் பிள்ளைகளும் முதல் வருடம் இப்படித்தான், போகப் போகப் பழகிவிடும், இதற்காகவா ஒரு நல்ல பள்ளியை விடுவார்கள் என்றாள். நாளைக்கே பெண்ணை நிறுத்தினால் அந்தத் தலைமையாசிரியை என்ன நினைப்பார், சீருடை வேலையையே வேறு கடைக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்றாள். அவள் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஒவ்வொன்றையும் சொல்லும்போது அவள் கண் அந்த மென்ற துண்டைவிட்டு நகரவில்லை.

"இத்தனை வருஷமா நம்ம கைக்கு வந்த காலரெல்லாம் பழகினதுக்கு அப்புறம் கடிச்சதா, பழகுறதுக்கு முன்னாடி கடிச்சதா?" என்று கேட்டேன். "பெரிய பிள்ளைங்க சட்டைதான்டி அதிகமா வந்துச்சு."

மாப்பிள்ளை தைத்து முடித்த காலர் ஒன்றைக் கையில் எடுத்தார். மேசையில் தட்டிப் பார்ப்பார் என்று நினைத்தேன். அதன் முனையை வாயில் வைத்துக் கடித்தார். தாடை இறுகியது. இன்னும் கொஞ்சம் அழுத்திக் கடித்தார். பிறகு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். ஒரு தடம்கூட இல்லை. அந்த மனிதர் முகத்தை அப்படி நான் ஒருநாளும் பார்த்ததில்லை. தன் வேலையில் குறையே இல்லை என்று தெரிந்து ஒருவர் அவமானப்பட்டு நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

"அவளைக் கூப்பிடு," என்றார்.

பாபின் வந்தாள். திட்டு விழும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்தக் கை கட்டுவதும் அங்கே கற்றதுதான். தங்கைதான் கேட்டாள். அவள் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவளைப் பற்றி நான் நினைத்திருந்ததில் கொஞ்சத்தை அன்று திரும்ப எடுத்துக்கொண்டேன்.

"பச்சைக்கட்டத்துக்குப் போறியாம்மா?"

பாபின் அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். போகிறேன் என்று தலையாட்டினாள். பிறகு மேசைமேல் கிடந்த துண்டுகளைப் பார்த்து நின்றாள்.

"நான் போயிட்டா அவங்களுக்கு யாரும்மா துணி குடுப்பா?"

தங்கை எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை கத்தரியை எடுத்தார், கீழே வைத்தார், மறுபடி எடுத்தார்.

அடுத்த விடுமுறை முடிந்ததும் பாபின் பச்சைக்கட்டத்துக்குப் போனாள். தலைமையாசிரியை எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை. உங்கள் விருப்பம் என்றுவிட்டார். சீருடை வேலையும் எங்களிடமே இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று தங்கை அலுத்துக்கொண்டாள். அவள் இப்போதும் சாம்பல் பிள்ளைகள் முன்னால் மண்டிபோட்டுத்தான் ஓரம் மடிக்கிறாள். அம்மாக்கள் மேலே பேசிக்கொள்கிறார்கள். வாயில் குண்டூசி இருப்பது ஒரு விதத்தில் நல்லதுதான்.

மாப்பிள்ளை ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் முரட்டுக் கேன்வாஸை அலமாரி உச்சியில் தூக்கிப் போட்டுவிட்டார். புதிதாகத் தைத்த சாம்பல் காலரெல்லாம் பழையபடி ஒற்றை அடுக்கு, மெத்தென்று. காலர் முன்போல நிற்கவில்லையே என்று பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. "இப்ப துணியே அப்படித்தான் வருது மேடம்," என்றார். என் காதால் கேட்டேன். அந்த மனிதர் வாயிலிருந்து வந்த முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். அசிங்கமாகச் சொன்னார். பழக்கம் இல்லை.

கொஞ்ச நாளில் காலர்கள் வர ஆரம்பித்தன. முனை நைந்து, நூல் பிரிந்து, பல்தடத்தோடு. கூடை நிறைய வந்தன. நான் பிரித்து, கடிபட்ட பக்கம் உள்ளே போகும்படி திருப்பிப் போட்டுத் தைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் புதிது மாதிரி இருக்கும். அடுத்த முறை திருப்ப மறுபக்கம் இருக்காது, அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

நேற்று பாபின் முட்டியில் மண்ணோடு வந்து, காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் தவழ்ந்தாள். பச்சைக்கட்டத்தில் ஒரு பையன் மேசையை உடைத்துவிட்டதையும், அவன் உடைக்கவில்லை காற்றில் உடைந்தது என்று இவள் சாட்சி சொன்னதையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். என் காலடியில் பழுதுக்கு வந்த சாம்பல் காலர்க் கூடை இருந்தது. மேலாக இருந்த காலரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கதை பாதியில் நின்றது.

"இது சுவரோரம் என் பக்கத்துல நிக்கிறவளோடது, பெரியம்மா," என்றாள். "அவ எப்பவும் இடது பக்கம்தான் கடிப்பா."

கூடையில் அதை எங்கிருந்து எடுத்தாளோ அங்கேயே வைத்தாள். பிறகு எழுந்து மேசைக்கடியில் போய், வெள்ளைத் துண்டுகளில் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து ஒன்றைப் பொறுக்கி, என் மடியில் வைத்தாள்.

"இடது முனைக்குள்ள வெச்சுத் தைச்சிடுங்க," என்றாள்.

தைத்தேன்.